பன்னிரண்டாவது சட்டை

கிளைபெடா துறைமுகத்தில்
இரவுப் பணியின் ஏழு கிரேன்களும்
என் குரலுக்குத்தான் கை நீட்டும், கை மடக்கும்.
இந்த நாற்காலிக்கு எப்படி வந்தாய் என்று
கேட்பவர்களிடம் சொல்வேன்:
பெஞ்சிலிருந்து.

சிரிப்பார்கள். மெய்யாகத்தான் சொல்கிறேன்.
ஷௌலெய் நகரத்துப் பள்ளிக் கூடைப்பந்து அணியில்
பன்னிரண்டு பேர்.
என் சட்டை எண் பன்னிரண்டு.
இரண்டு குளிர்காலம், பத்தொன்பது ஆட்டம்,
களத்தில் நான் நின்றது மொத்தம் ஆறு நிமிடம்.
அதிலும் ஒரு நிமிடம்
அவிழ்ந்த காலணிக் கயிற்றுக்குப் போயிற்று.

உக்னே ஆடுவாள்.
அவள் எறிந்த பந்தை
வளையம் எட்டி வாங்கிக்கொள்ளும்.
நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.
பார்த்துப் பார்த்து ஒருநாள்
பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.
யாருக்கு மூச்சு வாங்குகிறது,
யார் இடது காலைப் பொத்திப் பொத்தி வைக்கிறாள்,
பந்து கேட்க வாயெடுத்து
யார் கேட்காமலே விடுகிறாள்.
கையில் பந்தில்லாத ஒன்பது பேரிடம்தான்
ஆட்டம் இருக்கிறது.
பெஞ்சுக்குத் தெரியும்.

இன்று பனிமூட்டத்தில்
நான்காம் கிரேன் ஒரு நொடி தயங்கினால்
கெஸ்துதிஸ் பகலில் தூங்கவில்லை என்று பொருள்.
இறங்கி வா, காப்பி குடி என்பேன்.
அவன் வைவான். வருவான்.
விழாத பெட்டிக்குக் கோப்பை கிடையாது,
சம்பளம் உண்டு.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை.
மேலாளர் விருந்துகளில் இதோடுதான் நிறுத்துகிறார்.
விளையாடிய பிள்ளைகள் முன்னுக்கு வருகிறார்கள் என்று
ஏதோ ஒரு கணக்கையும் சேர்த்துப் பரிமாறுகிறார்.
முழங்கால் முறிந்த உக்னே
அயர்லாந்தில் மீன் பொதிகிறாள்.
புத்தாண்டுக்குப் பேசுவாள்,
ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.
அந்தக் கணக்கில் அவள் எந்தப் பக்கம்?

டைவா எந்தப் பக்கமும் இல்லை.

ஒரே ஒரு நாள் பயிற்சிக்கு வந்தாள் டைவா.
இரவல் காலணி, இரண்டு அளவு பெரிது,
முனையில் செய்தித்தாள் திணித்திருந்தாள்.
கோட்டுக்கு வெளியே நின்று மூன்று முறை எறிந்தாள்.
மூன்றும் வலைக்குள்,
வளையத்துக்குத் தெரியாமல்.
உக்னே கைதட்ட மறந்து நின்றாள்.

மறுநாள் நான்கு மணிக்கு
ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தாள்.
அதற்கடுத்த நாளும்.
அப்பா இல்லாத வீட்டில் நான்கு மணி என்பது
விளையாடும் நேரம் இல்லை.
அணியில் ஓர் இடம் மிஞ்சியது.
பயிற்சியாளர் கண்ணை ஓட்டினார்,
உயரமாக இருந்தேன், சும்மா இருந்தேன்.

அந்தச் சட்டைதான் என் சட்டை.

நேற்று நேர்காணல். ஓர் இடம், இரண்டு பேர்.
முதலாமவன் பள்ளி அணியின் தலைவன்,
நகரக் கோப்பை, தலைமைப் பண்பு,
எல்லாம் தடித்த எழுத்தில்.
நல்ல பையன், கண்ணைப் பார்த்துப் பேசினான்.
மேலாளரின் பேனா அவன் பெயரருகே
தானாகவே நின்றது.
அடுத்தவள் தாளில்
விளையாட்டு என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு.

பள்ளி விட்டதும் எங்கே போவாய் என்றேன்.
மீன் சந்தைக்கு, பெட்டி அடுக்க.
எத்தனை பேர்?
ஐந்து பேர். ஒருவருக்குத் தோள்வலி,
வெளியே சொல்லமாட்டார்.
கனமில்லாத பெட்டி அவரிடம் போகிற மாதிரி
வரிசையை மாற்றி நிற்பேன்.

அவருக்குத் தெரியுமா?
தெரிந்தால் நிறுத்திவிடுவாரே.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் பேனாவைத் திறந்து
அந்தச் சின்னக் கோட்டின் மேல்
பன்னிரண்டு என்று எழுதினேன்.

எட்டிப் பார்த்தவர் மதிப்பெண் என்று நினைத்து,
பத்துக்கா பன்னிரண்டு என்றார்.